நீளமுடி முயலுக்கு எந்த உலர்புல்?

கேள்வி சுருக்கமாக இது: எட்டு மாத லயன்ஹெட் முயல் (பிடரியில் நீளமுடி உள்ள இனம்), எடை 1.6 கிலோ, வீடு மதுரையில். புழுக்கைகள் முடியால் கோத்த பாசிமணி மாதிரி வருகின்றன. கடைக்காரர் டிமோத்தி என்ற உலர்புல்லை வாங்கச் சொல்கிறார், பக்கத்து வீட்டார் வைக்கோலே போதும் என்கிறார். தோட்டத்தில் அருகம்புல்லும் கொழுக்கட்டைப்புல்லும் வளர்ந்து கிடக்கின்றன. எதைக் கொடுப்பது?

வைக்கோல் வேண்டாம். மற்ற மூன்றும் முயலுக்கு ஏற்ற புற்கள்தான். ஆனால் நீளமுடி முயலுக்குப் புல்லின் பெயரை மட்டும் பார்த்து வாங்கினால் பாதி வேலைதான் முடியும். குட்டைமுடி முயலிடம் உலர்புல்லுக்கு வேலை வாயிலும் குடலிலும் மட்டும். லயன்ஹெட், அங்கோரா, ஜெர்ஸி வூலி போன்றவற்றில் அதே புல் முடிமேலும் விழுகிறது, பிடரியில் சிக்குகிறது, வயிற்றடியில் ஒட்டுகிறது. உள்ளே முடியை நகர்த்த வேண்டும், வெளியே முடியைக் கெடுக்கக் கூடாது. இந்த இரண்டுக்கும் பொருந்துகிற புல்தான் உங்களுக்கு வேண்டியது.

முதலில் உள்ளே நடப்பது. முயல் தன்னை நக்கித்தான் சுத்தம் செய்துகொள்ளும். நக்கும்போது முடி வயிற்றுக்குள் போவதைத் தடுக்க முடியாது. பூனைபோல அதைக் கக்கவும் முயலால் முடியாது, ஏனென்றால் அதன் உடலமைப்பில் வாந்தி என்பதே கிடையாது. உள்ளே போன முடி புழுக்கையோடுதான் வெளியேறியாக வேண்டும். முன்பெல்லாம் வயிற்றில் முடி உருண்டைதான் நோய் என்று நினைத்தார்கள். உண்மையில் நார் குறைந்து, நீர் குறைந்து, குடலின் ஓட்டம் மந்தமாகிறபோதுதான் முடி அங்கே தேங்கிக் கெட்டியாகிறது. குடல் ஓடிக்கொண்டே இருந்தால் முடி ஒரு பொருட்டல்ல. அதை ஓட வைப்பது நீளமான, செரிக்காத நார். பெல்லட்டிலும் (கடையில் விற்கும் குச்சித்தீவனம்) நார் உண்டு, ஆனால் அது அரைத்துத் தூளாக்கிய நார். குடலைத் தள்ளிவிடும் வேலையை அது சரியாகச் செய்யாது. பப்பாளி, அன்னாசிச் சாறு கொடுத்தால் முடி கரையும் என்பார்கள். முடி கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது, அந்தப் பழங்களின் நொதி அதைக் கரைக்காது. பழத்தின் சர்க்கரைதான் குடலில் மிஞ்சும்.

உங்கள் முயலின் பாசிமணிப் புழுக்கை ஆபத்தின் உச்சம் அல்ல. முடி வெளியே வந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் உள்ளே போகும் முடிக்கு ஈடாக நார் போகவில்லை என்பதற்கு அது முதல் அறிகுறி.

இனி புற்களை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

டிமோத்தி குளிர்நாட்டுப் புல், நம் சமவெளியில் விளையாது. 18ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் அதைப் பரப்பிய டிமோத்தி ஹான்சன் என்பவரின் பெயரால் அப்படி அழைக்கப்படுகிறது. புரதம் 7 முதல் 11 சதவீதம், நார் 30 சதவீதத்துக்கு மேல், சுண்ணாம்புச்சத்து அரை சதவீதத்தை ஒட்டி. வளர்ந்த முயலுக்கு இந்தக் கணக்கு நன்றாகப் பொருந்தும். வாங்கும்போது எத்தனையாவது அறுப்பு என்று கேளுங்கள். முதல் அறுப்பில் தண்டும் கதிரும் அதிகம், நார் மிக அதிகம், தொட்டால் முரடாக இருக்கும். இரண்டாம் அறுப்பில் தண்டும் தாளும் (இலையும்) பாதிப்பாதி. மூன்றாம் அறுப்பு கையில் எடுத்தால் பஞ்சு மாதிரி இருக்கும். முயல்கள் அதை ஆசையாகத் தின்னும், ஆனால் நார் குறைவு, புரதம் கூடுதல். நீளமுடி முயலுக்கு இரண்டாம் அறுப்பை அடிப்படையாக வைத்து, முடி உதிரும் வாரங்களில் மூன்றில் ஒரு பங்கு முதல் அறுப்பைக் கலந்து கொடுப்பது நல்லது. மூன்றாம் அறுப்பை மட்டும் கொடுத்துவிட்டு 'முயல் நன்றாகப் புல் தின்கிறதே, ஏன் புழுக்கை சிறுத்துப்போனது?' என்று குழம்புகிறவர்கள் அதிகம்.

டிமோத்தியின் கதிர் விரல் போல நீண்டு வழுவழுப்பாக இருக்கும், முடியில் கொக்கிபோல மாட்டாது. இதை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. நீளமுடி முயலுக்கு அது டிமோத்தியின் பெரிய நன்மை. ஆர்ச்சர்ட் புல் என்று விற்பதும் கிட்டத்தட்ட அதே சத்துள்ளது. தாள் அகலமாக, மென்மையாக இருக்கும். டிமோத்தியை மறுக்கும் முயலுக்கு அதைக் கொடுக்கலாம். வீட்டில் யாருக்காவது டிமோத்தித் தூசியால் தும்மல் வந்தாலும் அதை முயன்று பார்க்கலாம்.

ஓட்ஸ் புல்லை முயல்கள் மிகவும் விரும்பும். பால் பிடிக்கும் பருவத்தில் அறுத்துக் காயவைத்தது அது. தண்டு தடிமன், கடைவாய்ப் பற்களுக்கு நல்ல வேலை. ஆனால் அதன் மணி உமியோடு சேர்ந்து நீளமுடிக்குள் போனால் சுலபத்தில் உதிராது. சிக்கு பெரும்பாலும் அந்த உமியைச் சுற்றித்தான் முதலில் விழுகிறது. அதனால் அதைத் தினசரிப் புல்லாக வைக்காமல், வாரத்துக்கு இரண்டு மூன்று முறை ஒரு பிடி, கதிரைக் கிள்ளிவிட்டுத் தண்டும் தாளுமாகக் கொடுங்கள்.

குதிரைமசால் (ஆல்ஃபால்ஃபா) புல்லே அல்ல, பயறு வகைச் செடி. புரதம் 15 சதவீதத்துக்கு மேல், சுண்ணாம்புச்சத்து டிமோத்தியைப்போல் இரண்டு மூன்று மடங்கு. ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டிக்கும், பாலூட்டும் தாய்க்கும் அது சரி. எட்டு மாத முயலுக்குத் தினமும் கொடுத்தால் தொல்லை முயலின் பின்பக்கத்தில் தெரியும். மற்ற விலங்குகள் பெரும்பாலும் தேவைக்கு மேற்பட்ட சுண்ணாம்பைக் குடலிலேயே விட்டுவிடும். முயல் பெருமளவை உறிஞ்சி, மிகுதியைச் சிறுநீரில் தள்ளும். சிறுநீர் சுண்ணாம்பு கரைத்த மாதிரி வெள்ளையாகி, முற்றினால் பற்பசைபோலக் குழையும். நீளமுடியில் அது படிந்து காய்ந்து, தோல் வெந்து, ஈ முட்டையிட இடம் கொடுக்கும். புரதம் மிஞ்சினால், முயல் தானே எடுத்துத் தின்ன வேண்டிய மென்புழுக்கைகள் தின்னப்படாமல் வாலடி முடியில் அப்பிக்கொள்ளும். முயலின் பின்பக்கம் அழுக்காக இருக்கிறதென்று குளிப்பாட்டுகிறவர்கள், அதன் தீனித் தட்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும். போதாக்குறைக்குக் காய்ந்த குதிரைமசால் இலை தொட்டாலே தூளாகும், அந்தத் தூள் பிடரிக்குள் போய் உட்காரும்.

வைக்கோலைப் பற்றிப் பக்கத்து வீட்டார் சொன்னதற்கும் காரணம் இருக்கிறது. மாடு அதைத் தின்றே வளர்கிறது. மாட்டுக்கு நான்கு அறை வயிறு உண்டு, முயலுக்கு அது கிடையாது. நெல் வைக்கோலில் புரதம் 3, 4 சதவீதம்தான். மணல் போன்ற சிலிக்கா அதிகம், சுண்ணாம்புச்சத்தைக் கட்டிப்போடும் ஆக்சலேட்டும் உண்டு. நெல்லுக்கு அடித்த மருந்தின் மிச்சமும் அதில் இருக்கலாம். பசியில் முயல் தின்னும், வயிறு நிறையும், உடல் இளைக்கும். படுக்கைக்கு விரிப்பதற்குக்கூட நீளமுடி முயலுக்கு அது உகந்ததல்ல. உடைந்த தாள்கள் வயிற்று முடியில் குத்தி நிற்கும்.

தோட்டத்துப் புற்களை நான் சிபாரிசு செய்வேன், பருவம் பார்த்து அறுத்தால். அருகம்புல் உலகத்தில் பல இடங்களில் பெர்முடா என்ற பெயரில் முயலுக்கும் குதிரைக்கும் உலர்புல்லாக விற்கப்படுவதுதான். மெல்லிய தண்டு, விரைவில் காயும், முடியில் ஒட்டும் முள்ளோ கொக்கியோ கிடையாது. சாலையோரத்தில், நாய் திரியும் இடத்தில், மருந்தடித்த வரப்பில் பறித்ததாக மட்டும் இருக்கக் கூடாது.

கொழுக்கட்டைப்புல் சத்தில் குறையில்லாதது, வறட்சியிலும் தழைக்கும். அதன் கதிரைக் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு விதையையும் சுற்றி மெல்லிய முள்மயிர்கள் குஞ்சம்போல நிற்கும். முற்றிய கதிரை விரலால் உருவினால் அந்தக் குஞ்சங்கள் தனித்தனியாகக் கழன்று சட்டையில் ஒட்டும். லயன்ஹெட் பிடரியில் ஒட்டினால் சீப்பால் எடுக்க வராது, கத்தரிதான் வேண்டும். ஆகவே கதிர் உறையை விட்டு வெளியே தலைகாட்டத் தொடங்கும்போதே அறுங்கள். அந்தப் பருவத்தில்தான் சத்தும் நாரும் சமனாக இருக்கும். முற்றிவிட்டதென்றால் கதிரையெல்லாம் கிள்ளி எறிந்துவிட்டுத் தாளை மட்டும் எடுங்கள்.

அறுக்கும்போது கலந்துவிடக் கூடாத களைகள் உண்டு. ஊசிப்புல்லின் விதை கூர்மையான நுனியும் முறுக்கிய வாலும் கொண்டது. ஈரம் பட்டால் வால் சுழன்று விதையைத் தோலுக்குள் திருகும். முயலின் கண்ணோரத்திலும் விரலிடுக்கிலும் காதுக்குள்ளும் அது போனால் மருத்துவரிடம்தான் போக வேண்டியிருக்கும். நாயுருவி, நெருஞ்சி, ஒட்டுப்புல் மூன்றும் நீளமுடிக்கு ஆகாதவை. சூபாபுல் (சவுண்டல்) மரத்தின் தழையையும் தவிர்க்கவும். ஆட்டுக்கு ஒடித்துப் போடுகிறார்களே என்று முயலுக்கும் போடுவார்கள். அதிலுள்ள மிமோசின் என்ற நச்சு முடியின் வேர்க்காலைத் தாக்கி முடி கொட்டச் செய்யும். சோளத்தின் இளம்பயிரிலும், வாடி மறுபடி துளிர்த்த சோளத்திலும் சயனைடு உருவாகும் என்பதால் அதுவும் வேண்டாம்.

கம்பு நேப்பியர் என்ற தீவனப்புல் பற்றியும் கேட்பார்கள், கோவை வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ-4, கோ-5 ரகங்கள் எங்கும் கிடைப்பதால். பச்சையாக அளவோடு கொடுக்கலாம். உலர்புல்லாக்குவதில் சிக்கல் அதன் கரும்பு போன்ற தண்டு. வெளியே காய்ந்தது மாதிரி இருக்கும், உள்ளே ஈரம் நிற்கும், மூட்டைக்குள் பூஞ்சை பிடிக்கும். செய்வதானால் தண்டை நீளவாக்கில் பிளந்து காயவைக்க வேண்டும். தாளின் ஓரம் அரம் மாதிரி இருப்பதையும், ஆக்சலேட் இருப்பதையும் நினைத்து, இதை ஒரே புல்லாக வைக்காதீர்கள்.

வீட்டில் காயவைக்கும் முறை. காலையில் பனி காய்ந்த பிறகு, ஒன்பது பத்து மணிக்கு அறுங்கள். மாடியில் கொசுவலைத் துணியோ சாக்கோ விரித்து, இரண்டு அங்குலத்துக்கு மேல் போகாமல் பரப்புங்கள். வெறும் சிமெண்டுத் தரையில் பரப்பினால் மண் சேரும், அடிப்பக்கம் வியர்க்கும். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிவிட வேண்டும். முதல் நாள் வெயில், அடுத்து ஒன்றிரண்டு நாள் காற்றோட்டமான நிழல். முழுக்க வெயிலிலேயே போட்டால் நிறம் வெளுத்து, வைட்டமின் ஏ-யாக மாறும் கரோட்டின் போய்விடும். மாலையில் பனி விழுமுன் உள்ளே எடுத்துவிடுங்கள். பச்சைப் புல்லில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். 1 கிலோ பச்சைப் புல் காய்ந்து 250 கிராம் அளவுக்குத்தான் வரும்.

காய்ந்துவிட்டதா என்று அறியத் தண்டை ஒடித்துப் பாருங்கள். வளைந்தால் போதாது, 'சடக்'கென்று ஒடிய வேண்டும். இன்னும் நம்பகமான வழி உப்புச் சோதனை. ஒரு பெரிய கண்ணாடிப் பாட்டிலை முக்கால் பாகம் பொடியாக நறுக்கிய புல்லால் நிரப்பி, நன்கு உலர்ந்த தூளுப்பு இரண்டு ஸ்பூன் போட்டு மூடி, இரண்டு மூன்று நிமிடம் குலுக்குங்கள். பிறகு உப்பைத் தட்டில் கொட்டிப் பாருங்கள். உதிரியாக விழுந்தால் ஈரம் 15 சதவீதத்துக்குக் கீழே இருக்கிறது, கட்டி வைக்கலாம். கட்டிகட்டியாக நின்றால் இன்னொரு நாள் காய வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் இந்தச் சோதனையைப் பத்து நாளுக்கு ஒருமுறை செய்யுங்கள், கடையில் வாங்கிய புல்லுக்கும் சேர்த்து. சேமிக்கத் துணிப்பை, சணல் சாக்கு, துளையிட்ட அட்டைப்பெட்டி எல்லாம் சரி. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், சுவரை ஒட்டாமல் வையுங்கள்.

கடையில் வாங்கும்போது பையைத் திறந்து முகர்ந்து பார்க்க முடிந்தால் நல்லது. இனிப்பான புல்வாசம் வர வேண்டும். நனைந்த சாக்கு நாற்றம் வந்தால் வாங்காதீர்கள். ஒரு பிடியை உருவி வெளிச்சத்தில் உதறுங்கள். பழுப்புத் தூள் கீழே விழுவது சாதாரணம். வெண்புகைபோல எழுந்து காற்றில் நின்றால் அது பூஞ்சை வித்து, அந்தப் பையை எந்த விலைக்கும் வாங்கக் கூடாது. பொடியும் துணுக்குமாகப் பையின் அடியில் கால் பங்கு கிடந்தாலும் விட்டுவிடுங்கள். நீளமுடி முயலுக்கு ஒரு சாணுக்குக் குறையாத நீளத்தில் தாள் இருப்பது நல்லது. நீண்ட தாளை முயல் முனையிலிருந்து இழுத்துக் கடித்துத் தின்னும். துணுக்குகள்மேல் அது உட்காரும், படுக்கும், அத்தனையும் வயிற்று முடியில் ஏறும்.

வைக்கும் விதமும் முக்கியம். புல் கூடையை முயலின் தலைக்கு மேலே மாட்டுவதுதான் பலர் செய்யும் தவறு. அண்ணாந்து இழுக்கும்போது தூசு நேராகக் கண்ணிலும் பிடரியிலும் விழும். கூடையின் அடிப்பகுதி முயலின் மோவாய் உயரத்தில் இருக்கட்டும். கயிற்று வலைப்பை வேண்டாம், கால்விரலும் முடியும் அதில் மாட்டும். முயல் தின்றுகொண்டே புழுக்கை போடும் பழக்கமுடையது என்பதால், கழிவுத் தட்டின் ஒரு முனையில் கூடையை வைத்தால் இரண்டு வேலையும் ஒரே இடத்தில் முடியும். தட்டுக்குள்ளேயே புல்லைக் குவித்துவிடாதீர்கள், அதன்மேல் உட்கார்ந்து நனைந்த புல்லையே முடியில் பூசிக்கொள்ளும். புல்லைப் போடுமுன் வாசலிலோ மாடியிலோ ஒரு பிளாஸ்டிக் பழக்கூடையில் போட்டு நான்கைந்து முறை உதறுங்கள். தூசு போகத் தண்ணீர் தெளிப்பது தவறு, மதுரைச் சூட்டில் சில மணி நேரத்தில் புளித்துவிடும்.

அளவு: 1.6 கிலோ முயல் ஒரு நாளில் 65 முதல் 80 கிராம் உலர்புல் தின்னும். சிந்துவதையும் ஒதுக்குவதையும் சேர்த்து 100 கிராம் போடுங்கள். பார்வைக்கு அது முயலின் உடம்பு அளவுக்கு ஒரு குவியலாக இருக்கும். மாதத்துக்கு 3 கிலோ. முழுக்க வீட்டிலேயே செய்வதானால் 12 கிலோ பச்சைப் புல் அறுக்க வேண்டும். பாதி வீட்டுப் புல், பாதி டிமோத்தி என்று வைத்துக்கொண்டால் செலவும் குறையும், ஒன்று கிடைக்காத மாதத்தில் முயலும் தவிக்காது. புல் எப்போதும் கூடையில் இருக்க வேண்டும். பெல்லட் ஒரு நாளைக்கு 40 கிராமைத் தாண்டக் கூடாது. உங்கள் முயலுக்கு இப்போது பாசிமணி நிற்கும்வரை 25 கிராமாகக் குறையுங்கள். பெல்லட்டால் வயிறு நிறைந்த முயல் எந்த நல்ல புல்லையும் தொடாது. கோடையில் பகல் முழுக்க முயல் சோர்ந்து கிடக்கும், தீனி குறையும், குடலும் மந்தமாகும். ஆகவே மாலை ஆறு மணிக்கு மூன்றில் இரண்டு பங்கைப் புதிதாகப் போடுங்கள். முயல் அதிகம் தின்பது அந்திக்கும் விடியலுக்கும் இடையில்தான். தண்ணீர் குறைந்தால் நாரும் உதவாது. இந்த எடைக்கு ஒரு நாளில் 80 முதல் 240 மில்லி வரை குடிக்கும். பிடரி நனையாமல் இருக்க வாய் குறுகிய கனமான கிண்ணம் பொருத்தம்.

உங்களுடையது உண்மையான அங்கோராவாக இருந்தால் கணக்கு சற்று மாறும். (நீளமுடி இருந்தாலே அங்கோரா என்று சொல்லி விற்பது வழக்கம். இமாச்சலப் பிரதேசத்தின் குளு பக்கம் கம்பளிக்காக வளர்க்கும் ஜெர்மன் அங்கோராவுக்கு உடம்பு முழுக்க முடி, லயன்ஹெட்டுக்குப் பிடரியிலும் இடுப்போரத்திலும்தான்.) அங்கோராவின் முடி மாதத்துக்கு ஓர் அங்குலம்போல வளரும். அத்தனை முடியும் புரதம், அதிலும் கந்தகம் சேர்ந்த புரதம். அதை ஈடுகட்ட 16 முதல் 18 சதவீதப் புரதமுள்ள பெல்லட்டைப் பயன்படுத்துங்கள், உலர்புல்லைக் குதிரைமசாலாக மாற்றாதீர்கள். வாரத்தில் ஒரு நாள் பெல்லட்டை நிறுத்திப் புல்லும் தண்ணீரும் மட்டும் கொடுப்பது அங்கோரா வளர்ப்பவர்களிடையே உள்ள நல்ல வழக்கம். 75, 90 நாளுக்கு ஒருமுறை முடியைக் கத்தரித்துவிட வேண்டும்.

லயன்ஹெட்டுக்கும் சீப்பு இல்லாமல் புல் மட்டும் காப்பாற்றாது. முடி உதிரும் வாரங்களில் தினமும், மற்ற நாட்களில் வாரம் மூன்று முறை சீவுங்கள். உள்ளே போகும் முடி குறைந்தால் புல்லின் வேலையும் குறையும்.

புதிய புல்லுக்கு ஒரே நாளில் மாறாதீர்கள். முதல் மூன்று நாள் கால் பங்கு, அடுத்த மூன்று நாள் பாதி, பிறகு முக்கால் என்று பத்து நாளில் மாற்றுங்கள். அதன்பின் தினமும் புழுக்கையைப் பாருங்கள். பட்டாணி அளவில், வெளிர்பழுப்பாக, விரலில் நசுக்கினால் மரத்தூள் மாதிரி நார் உதிர வேண்டும். சிறுத்து, கறுத்து, கடினமாக இருந்தால் நார் இன்னும் போதவில்லை, முதல் அறுப்பைக் கூட்டுங்கள். பின்பக்கம் ஒட்டினால் பெல்லட்டையும் இனிப்புப் பண்டத்தையும் குறையுங்கள். தின்னும்போது வாயோரம் ஈரமாகி, தண்டை ஒதுக்கிவிட்டு மெல்லிய தாளை மட்டும் தின்றால் கடைவாய்ப் பல் கூர்மையாகி நாக்கைக் குத்துகிறது என்று சந்தேகப்பட வேண்டும். அப்போது புல்லை மாற்றிப் பயனில்லை, பல்லைப் பார்க்க வேண்டும்.

பாசிமணி இரண்டு வாரத்தில் குறைய வேண்டும். நடுவில் எந்த நாளாவது பத்துப் பன்னிரண்டு மணி நேரம் முயல் எதையும் தொடாமல், புழுக்கையும் போடாமல், வயிறு கெட்டியாகி, உடலைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தால், எண்ணெய், கஷாயம் என்று வீட்டு வைத்தியத்தில் இறங்காமல் அன்றைக்கே முயல் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள். போகும்போது அது தின்ற புல்லில் ஒரு பிடியும், கடைசியாகப் போட்ட புழுக்கையும் ஒரு காகிதத்தில் மடித்து எடுத்துச் செல்லுங்கள்.